அஞ்சாவது டயர்

என் அக்கா வீட்டுக்காரர் ஐந்து டயருக்குப் பணம் கொடுத்தார். நான் நான்குதான் வாங்கினேன். ஐந்தாவது டயரின் பணத்தில் வண்டிக் கூரைக்கு நீளமான எல்இடி விளக்கும் அதைத் தாங்கும் கேரியரும் வந்தன. ஊரிலிருந்து கிளம்புகிற அன்று காலையில் மாமா, "ஸ்டெப்னி எப்படி மாப்ள?" என்று கேட்டார். "புது டயர்தாங்க மாமா" என்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தப் பொய்யினால் ஸ்பிதிப் பயணத்தில் என்ன நடந்தது என்பதைப் பல பேரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ரோடு மோசம் என்றேன். கல் கத்தி மாதிரி இருந்தது என்றேன். நேரம் சரியில்லை என்றும் சொன்னேன். எதுவும் முழு உண்மை இல்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் பதில் எதுவும் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாமா உடுமலைப் பக்கம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கி.பி. 996-இல் எழுப்பப்பட்ட தாபோ மடாலயத்தை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என்னிடம் பழைய டீசல் பிக்கப் ஒன்று இருந்தது. ஃபோர் பை ஃபோர், ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி. கோயம்புத்தூரிலிருந்து சேலம் போய் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து டெல்லி, அங்கிருந்து சண்டிகர், சிம்லா, கின்னௌர் வழியாகத் தாபோ, காசா. திரும்புகாலில் குன்சும் கணவாயைத் தாண்டி மணாலிக்கு இறங்குவது. அக்கா, மாமா, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், நான். "வண்டி உன்னுது, டயர் என் பங்கு" என்று மாமாவே முன்வந்து பணம் கொடுத்தார்.

டயர்க் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிற ஒரு அண்ணன், நான் டயர் பெயரைச் சொல்லும் முன்பே கேட்டார்: "போற வழிய மொதல்ல சொல்லுங்க தம்பி. எத்தனை தூரம் தாரு, எத்தனை தூரம் கல்லு? எத்தனை பேரு உக்காருவீங்க, சாமான் எவ்வளவு?" சொன்னேன். போகவர உள்ள தூரத்தில் பெரும்பகுதி நல்ல தார்ச் சாலை. கல்லும் மண்ணும் கடைசியில் கொஞ்சம். "அப்ப ஏடி போதுமுங்க. கம்பெனி சைஸ விட்டு ரொம்பத் தள்ளிப் போகாதீங்க. அஞ்சையும் ஒண்ணா எடுத்துருங்க, ஒரே சைஸு, ஒரே பட்டன்."

ஒரு நல்ல டயர்த் தேர்வுக்குத் தேவையான அத்தனையும் அந்தக் கேள்விகளுக்குள் இருந்தது. நெடுஞ்சாலைக்கென்றே வரும் எச்டி டயரில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், நெருக்கமாக இருக்கும். ஓட்டம் மெத்தென்று இருக்கும், கூர்மையான கல்லுக்கு அதன் பக்கச்சுவரான சைடுவால் தாங்காது. சேற்றுக்கென்று வரும் எம்டி டயரில் பட்டன்கள் பெரிது, நடுவில் இடைவெளி அகலம். சுழலும்போது சேற்றைத் தானே வீசி எறிந்துவிட்டு மறுபடி பிடிக்கும். ஆனால் தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டன் மேல் இருக்க வேண்டிய மெல்லிய கீறல்களும் அதில் குறைவு. மழை ஈரத்தில் பிரேக் போட்டால் சாலையைப் பற்றி நிற்கச் செய்பவை அந்தக் கீறல்கள்தான். இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரெய்ன் என்கிற ஏடி. தாரில் பெரிய குறை வைக்காது, கல்லிலும் சமாளிக்கும். தாரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டுக் கடைசியில் மலைக்கல்லில் ஏறுகிற எங்கள் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

எனக்கு இது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. படித்திருந்தேன், கேட்டிருந்தேன், மற்றவர்களுக்கு விளக்கியும் இருந்தேன். ஆனாலும் எம்டி வாங்கினேன். அதன் முரட்டுத் தோற்றம் எனக்கு வேண்டியிருந்தது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியில் நான் எப்படித் தெரிவேன் என்பதுதான் என் கணக்கு. பின் சீட்டில் உட்காரப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அளவிலும் அதையே செய்தேன். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 245/70 ஆர்16. அதாவது 245 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் சைடுவால் உயரம், 16 அங்குல ரிம். தரையிலிருந்து டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். நான் போட்டது 265/75 ஆர்16. அதன் உயரம் 804. ஏழு சதவீதத்துக்கு மேல் பெரிது. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி உண்மையில் நூற்றேழில் போகும். சக்கரம் கனமாவதால் பிரேக்குக்கு வேலை கூடும், இன்ஜின் ஒவ்வொரு கியரிலும் திணறும். கடல் மட்டத்தில் கிடைக்கும் காற்றில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே கிடைக்கிற கணவாயில் அந்தத் திணறல் இன்னும் கூடும். உற்பத்தியாளர் குறித்ததை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி மாமாவிடம் வாயே திறக்கவில்லை.

பெரிய டயர் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் நுழையவில்லை. ஐந்தாவதை வாங்கியிருந்தால் பின்தொட்டியில் கட்டிக் கொண்டுபோயிருக்கலாம், இடம் இருந்தது. "ஸ்டெப்னி யார் கண்ணுக்கும் தெரியப்போறதில்ல" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடியில் தொங்கிய பழைய 245-ஐ அப்படியே விட்டேன். அதன் பக்கவாட்டில் தயாரித்த தேதியைச் சொல்லும் நான்கு இலக்கம் இருந்தது. முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். என்னுடையதைப் படித்துப் பார்த்தேன். எட்டு வருஷத்துப் பழைய ரப்பர். பட்டன் தேய்ந்து, பள்ளத்தில் முடி முடியாக வெடிப்பு விட்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் விளக்குக் கடைக்குப் போனேன்.

மத்தியப் பிரதேசத்தில் சிவனி தாண்டும்போது நல்ல மழை. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்பலகைக்கு மிக அருகில் நின்றது. பின்னால் அக்கா மகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ரோட்டுல ஆயில் கொட்டியிருக்கு" என்றேன். ஆயில் இல்லை. ஈரத் தாரைப் பிடிக்கத் தெரியாத டயர். டெல்லியிலேயே நான்கையும் மாற்றி ஏடி போட்டிருக்க முடியும். அப்படிச் செய்தால் முதலில் வாங்கியது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மனம் வராமல் மூன்று பேரை மலைமேல் அழைத்துக்கொண்டு போனேன்.

தாபோவில் மாமா நின்ற நிலையைச் சொல்லாமல் போக முடியாது. வெளியே பார்த்தால் மண்பூச்சு பூசிய சாதாரணக் கட்டிடம். உள்ளே இருட்டு. கண் பழகப் பழக, சுவரையொட்டி மண்ணால் செய்த தெய்வ உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றுக்குக் கீழே ஓவியங்கள். படம் எடுக்க அனுமதியில்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நம் ராஜராஜன் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில் இந்தப் பனிமலையில் இதைக் கட்டியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு நான் செய்து கொடுத்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

காசாவில் காலையில் காற்று அளந்தேன். அளவுமானி காட்டிய எண் எனக்குக் குழப்பமாக இருந்தது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே அதே காற்று இருந்தாலும் மானி கூடுதலாகக் காட்டும். கடல் மட்டத்தில் வெளியழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 4,500 மீட்டரில் எட்டரைக்கும் குறைவு. அந்த ஆறு பிஎஸ்ஐ வித்தியாசம் மானியில் கூடித் தெரியும். குளிர் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். இரண்டையும் சேர்த்து நிதானமாகக் கணக்குப் பார்த்துவிட்டு, கல் பாதைக்கு எவ்வளவு வேண்டும் என்று உள்ளூர் டிரைவர் ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கல் பாதையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எங்கோ பார்த்ததை வைத்து, லோசரில் நான்கையும் பதினெட்டுக்கு இறக்கினேன். பதினெட்டு என்பது மணலுக்கான அளவு. மணலில் டயர் பரந்து படுத்தால்தான் புதையாமல் போகும். ஆட்களும் சாமானும் ஏறிய வண்டி, கூரான கல் பாதையில், அவ்வளவு குறைந்த காற்றோடு போனால் சைடுவால் வெளியே பிதுங்கும். கல் முதலில் அதைத்தான் தொடும். சைடுவாலில் விழுந்த வெட்டைப் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது.

குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே நின்று கூரை விளக்கும் பெரிய டயரும் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். படத்துக்காக நேரம் போனது. அந்த நேரம் ரொம்ப முக்கியமானது. பத்தாலிலிருந்து சத்ரு வரை சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் குறுக்கே ஓடைகள் வரும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்துக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் கூடும். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் விடியும்போதே அந்த வழியைக் கடந்துவிடுவார்கள். முந்தைய இரவு தங்கிய இடத்தில் அதைச் சொல்லியும் அனுப்பினார்கள்.

பத்தாலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்பக்க இடது டயர் போனது. இறங்கிப் பார்த்தால் சைடுவாலில் விரல் நீளத்துக்கு வெட்டு. ஜாக்கி போட்டேன். அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கினேன். மாமா உதவிக்கு வந்து அதைப் பிடித்து உருட்டினார். உருட்டும்போதே நின்றுவிட்டார். கழற்றிய டயரின் பக்கத்தில் வைத்தால் உயரம் குறைவு என்பது யாருக்கும் தெரியும். அவர் வெடிப்புகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். என் முகத்தைப் பார்த்தார். அக்கா பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நட்டை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த ஓடையில் மாட்டிக்கொண்டோம். தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது, அடியில் உருளும் கற்கள். பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சிறியது, மொட்டை டயர். அது பிடிப்பில்லாமல் சுற்றியது. டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியைக் கொடுக்கும். மற்றது சும்மா நின்றது. நான்கு சக்கர இழுவையைப் போடலாமென்றால், அளவு வேறான டயரோடு போட்டால் உள்ளே கியர் உடையும் என்று எனக்குப் பயம். தார்ச் சாலையில் அப்படிப் போடக் கூடாது என்பது சரி. கால் வழுக்கும் கல்லில், கொஞ்ச தூரத்துக்குப் போட்டுத் தாண்டியிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஃபோர் பை ஃபோர் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவனுக்கு, அது தேவைப்பட்ட ஒரே இடத்தில் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

பனி உருகிய அந்தத் தண்ணீரில் அக்காவும் அவள் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கரைக்கு நடந்தார்கள். மாமா வண்டியைத் தள்ள நின்றார். கல் உருண்டு கால் இடறி இடுப்பு வரை நனைந்தார். எதிரில் வந்த லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து எங்களை வெளியே எடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சத்ருவில் ஒரு கூடாரத்துக் கடையில் இரவைக் கழித்தோம். மாமா நடுங்கிக்கொண்டே இருந்தார். காசாவில் தொடங்கியிருந்த இருமல் விடிவதற்குள் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மறுநாள் மணாலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், நிமோனியா என்றார்கள். தண்ணீரில் நனைந்ததுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் சளி பிடித்த அறுபது தாண்டிய மனிதரை அந்தக் குளிரில் ஈரத் துணியோடு உட்கார வைத்தது நான்தான்.

அவர் தேறிவிட்டார். என் நடத்தை தேறவில்லை. ஊருக்கு வந்ததும் கணவாயில் எடுத்த படத்தை எல்லோருக்கும் காட்டினேன். டயர் எப்படி என்று கேட்டவர்களிடம், மலையில் அசைக்க முடியாது என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டு, குடும்பத்தோடு வால்பாறைக்கும் மூணாறுக்கும் மட்டும் போய்வருகிற ஒரு தம்பி அதே எம்டியை, அதே பெரிய அளவில் வாங்கிப் போட்டார். மழைக்காலத்தில் மலைத் தார்ச் சாலையில், கைக்குழந்தையோடு. அவர் ஒரு நாள் நன்றி சொல்ல வந்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. மாமாவுக்குச் செய்ததை இவருக்கும் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் வாடிப்போனது. டயரை மாற்றிவிட்டார். என்னோடு அவர் பேச்சும் குறைந்தது.

அதற்குப் பிறகுதான் மாமாவிடம் போனேன். ஐந்தாவது டயருக்கான பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிக்கொண்டார். "விளக்குக்குன்னு கேட்டிருந்தா அதுக்கும் குடுத்திருப்பேன் மாப்ள. புது டயர்னு சொன்ன பாரு, அதத்தான் என்னால மறக்க முடியல" என்றார். அக்காவிடம் அவர் சொல்லவே இல்லை. இத்தனை காலம் அவளுக்குத் தெரியாமல் என் மானத்தைக் காத்தவர் அவர். இப்போதும் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுப் போகச் சொல்லுவார். என் வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. பழனிக்குப் போவதானாலும் பஸ்ஸில்தான்.

இன்று அதே பயணத்துக்கு என்ன வாங்குவேன் என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி அளவிலேயே, சைடுவால் வலுவான ஏடி, ஐந்து. பனி இருக்கும் மாதத்தில் போவதானால், மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் பொறித்த குறி உள்ளதாகப் பார்ப்பேன். வெறும் எம்+எஸ் எழுத்து இருந்தால் அது பனியில் சோதித்துத் தேறியதற்கு அத்தாட்சி ஆகாது. அளவோடு சேர்த்துப் பொறித்திருக்கும் சுமை எண்ணைப் படிப்பேன். 112 என்றிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். ஆட்கள், சாமான், டீசல் எல்லாம் சேர்ந்த எடையோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பேன். காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் நல்ல மானியும் விளக்கைவிட விலை குறைவு. கல்லில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தை நிறையக் குறைத்துப் போவேன். இதில் எதுவும் புதிதாகக் கற்றதில்லை. டயர்க் கடை அண்ணன் அன்றைக்கே பாதியைச் சொல்லிவிட்டார். மீதி எனக்குத் தெரிந்தே இருந்தது.

என் பேச்சைக் கேட்டு அந்த டயரைப் போட்டவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். உங்களிடம் நான் சொன்னது பொய். தயவுசெய்து இந்த மழைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் கீழே இறக்கி, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்து, பள்ளங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று உங்கள் கையால் தடவிப் பாருங்கள்.